சேலத்தில் மாநாடு வைத்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி (கல்லூரி ஆசிரியை, அஸ்தம்பட்டி):
எங்கள் துறையில் இரண்டு நாள் மாநாடு நடத்தப் போகிறோம். வெளியூரிலிருந்து இருநூறு பேர் வருவார்கள். எல்லாரும் கோயம்புத்தூர் என்கிறார்கள். சேலத்திலேயே வைக்கலாம் என்று நான் ஒருத்திதான் மல்லுக்கு நிற்கிறேன். இதனால் ஊருக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா?

பதில் 1 (தட்டுவடை செட் கடை, சேலம் குகைப் பகுதி):
டீச்சர், நம்ம ஊருக்கு மாநாடு புதுசா என்ன? 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதே இங்கே நடந்த மாநாட்டில்தான். ஆனால் என் கல்லாவை வைத்துச் சொல்கிறேன். போன வருஷம் பைபாஸ் பக்கம் ஒரு ஓட்டலில் மூன்று நாள் கூட்டம். ஏசி பஸ்ஸில் வந்தார்கள், அதிலேயே போனார்கள். எனக்கு ஒரு செட்கூட ஓடவில்லை.

ஆடியில் அப்படியா? கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் கட்டிக்கொடுத்த பெண்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்கள். செட்டில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைக்கும் பீட்ரூட், கேரட் சீவவே இரண்டு ஆள் கூடுதலாகப் போடுவேன். சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு, வேஷம் கலைக்காத முருகன் ஒருத்தர் வந்தார். வேலைக் கல்லாப்பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, “அண்ணா, காரம் தூக்கலா ஒரு செட்” என்றார். பச்சைச் சட்னி ஜரிகையில் சொட்டாமல் இருக்க, கையை எட்ட நீட்டிக்கொண்டே தின்றார்.

மாநாடு வையுங்கள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் ஹாலில் போடாதீர்கள். ஆறு மணிக்கு எல்லாரையும் அவிழ்த்து விடுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பார்ப்பார்கள், அப்புறம் பசிக்கும்.

பதில் 2 (ஏற்காட்டில் நாலு அறை வாடகைக்கு விடுபவர்):
தயவு செய்து மே மாதம் வேண்டாம். கோடை விழா சமயத்தில் அண்ணா பூங்கா மலர்க்காட்சிக்கு வரும் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கும். எங்களுக்கு அறை நிறையும், வாஸ்தவம். ஆனால் ஜூலையில் ஈ ஓட்டுகிறோம். அப்போது வைத்தால் மறுநாள் மலைக்கும் கூட்டி வரலாம்.

கேட்டவர்:
ஜூலைக் கடைசி என்றால் ஆடி. முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது, வாடகையும் குறைத்துக்கொள்கிறேன் என்றார்கள். கோயம்புத்தூர்க் கட்சிக்கு இந்தக் கணக்கைக் காட்டினேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள்.

பதில் 1:
பண்டிகை வாரத்திலேயே வைத்துவிடாதீர்கள் டீச்சர். ரோட்டை அடைத்துவிடுவார்கள், லாட்ஜில் ரூமும் கிடைக்காது. ஒரு வாரம் முன்னே பின்னே பாருங்கள். தேதி முடிவானால் எனக்கும் சொல்லுங்கள், இருநூறு பேருக்குத் தட்டுவடை சொல்லி வைக்கணும்.