தியானத்துக்குப் போயிட்டு வந்தப்புறம் வீட்டுல என்ன மாறுச்சு? பாத்தவங்க சொல்லுங்க

செக்காலைக்காரி, காரைக்குடி:

இயேசுவுக்கே புகழ். சாட்சின்னாலே மேடையில மைக்கப் புடிச்சு அழுதுக்கிட்டே சொல்றதுன்னு ஆகிப்போச்சு, நான் கேக்குறது அது இல்ல. ஒருத்தர் மனம் மாறிட்டாரா இல்லையான்னு சொல்ல வேண்டியது அவரு இல்ல, அவரு கூட ஒரே வீட்டுல சாப்புடுறவங்கதான். அதனால உங்க வீட்டுல யாராவது மாறுனதக் கண்ணால பாத்திருந்தா அத எழுதுங்க. முதல்ல நானே ஆரம்பிச்சிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க அப்பா தண்டல் விட்டுக்கிட்டு இருந்தாக. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், நோட்டுல 10,000னு எழுதுவாக, கையில 8,500தான் குடுப்பாக, மறுநாள்லேருந்து தெனம் 100 ரூபா, 100 நாளு. பூக்காரம்மா, தள்ளுவண்டி இட்லிக்கடை, கொத்து வேலைக்குப் போறவங்க, பலகாரம் சுட்டு வீடு வீடாக் குடுக்குறவங்கன்னு எல்லாரும் வருவாக. இதுபோக பாத்திர அடகு வேற, பின்கட்டுல ஒரு ரூம் பூரா அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம், எல்லாம் அடுத்தவங்க வீட்டுது. 2003-ல கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தப்பக்கூட அப்பா பயந்த மாதிரி தெரியல, நோட்ட பீரோவுலேருந்து எடுத்து அரிசி டின்னுக்குள்ள வச்சாக, அவ்வளவுதான் மாறுச்சு. ஆனா ஞாயித்துக்கெழம பூசைய விட்டதில்ல, தவக்காலத்துல கறியத் தொடமாட்டாக, திருவிழா நோட்டீஸ்ல நன்கொடையாளர் லிஸ்ட்ல மேலயே பேரு இருக்கும்.

முரிங்கூர் தியானத்துக்குப் போனதுகூட மாறணும்னு இல்ல. கேரளாவுல சாலக்குடி பக்கத்துல வின்சென்ஷியன் சபைச் சாமியாருங்க நடத்துற, தங்கியிருந்து செபம் பண்ற கூட்டம் அது, தமிழ்லயும் உண்டுன்னு எங்க அன்பியத்துல (பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேந்த செபக் குழு) வேன் போட்டாக. சித்தப்பாவுக்கு சுகர்ல கால எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதுக்கு வேண்டிக்கத்தான் அப்பா ஏறுனாக. சித்தப்பாவுக்குக் கால எடுத்துட்டாங்க. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா நான் கேட்ட சாட்சியிலெல்லாம் முதல்ல அதிசயம் நடக்கும், அப்புறம்தான் ஆளு மாறுவாரு. எங்க வீட்டுல கேட்டது கெடைக்கல, ஆளு மாறுனாக.

அதுவும் ஒடனே இல்ல. வந்த புதுசுல பெரிய தொல்லை. டிவியப் போடக்கூடாது, எல்லாரும் முழங்கால் போட்டு செபமாலை, பேச்சுக்குப் பேச்சு அல்லேலூயா. ஆனா காலையில செபம் முடிச்சுட்டு ஒன்பது மணிக்கு டிவிஎஸ் ஃபிஃப்டிய எடுத்துக்கிட்டு வசூலுக்குக் கெளம்பிருவாக! அம்மா ஒருநாள் சட்டுனு சொல்லிட்டாக, "ஆண்டவரு உள்ள வந்துட்டாரு சரி, அரிசி டின்ன மட்டும் தொறந்து பாக்கல போலருக்கு"ன்னு. அப்பா அன்னிக்கு சோறு திங்கல.

பாவசங்கீர்த்தனத்துல சாமியார் என்ன சொன்னாருன்னு யாருக்கும் தெரியாது, கேக்கவும் கூடாது. ஆனா வந்து அப்பா சொன்னது ஒண்ணுதான், "மன்னிப்புக் கெடைச்சிருச்சு, ஆனா எடுத்தத எடுத்த எடத்துல வைக்கணுமாம்." அநியாயமா வாங்குனத ஈடு செய்யணும்ங்கறது திருச்சபை எப்பவும் போதிக்கிறதுதான, நம்ம ஆளுக அதக் காதுலயே வாங்குறதில்ல. அதுக்கப்புறம் அப்பா பைபிள்ல விடுதலைப் பயணம் 22-ம் அதிகாரத்த திரும்பத் திரும்பப் படிச்சாக. ஏழைகிட்ட வட்டி வாங்காத, அவன் மேலாடைய அடகா வாங்குனா பொழுது சாயுறதுக்குள்ள திருப்பிக் குடுத்துரு, ராத்திரிக்கு அவன் எதப் போத்திப் படுப்பான்னு வருமே, அந்த எடம். பின்கட்டு ரூம் சாவிய அன்னிக்கே கேட்டு வாங்குனாக.

முதல்ல போனது கோட்டையூர். அண்டாவ நான் மடியில வச்சுக்கிட்டு வண்டியில பின்னாடி உக்காந்துருந்தேன். அந்த அம்மா சீடை, மனகோலம் சுட்டுக் குடுக்குறவங்க, எங்க வண்டிச் சத்தம் கேட்டதுமே வாசல்ல நின்னுக்கிட்டு "அய்யா இந்த வாரம் ஆர்டரு ஒண்ணும் வரலைங்கய்யா"ன்னு ஆரம்பிச்சுட்டாக. அப்பாவுக்குப் பேச்சு வரல, அண்டாவத் திண்ணையில வச்சாக. அவங்க அத ஒருக்களிச்சுப் போட்டு விளிம்புல விரல ஓட்டுனாக, அவங்க அம்மா பேரு புள்ளி புள்ளியா வெட்டியிருந்துச்சு, அந்த எடம் வந்ததும் கை நின்னுருச்சு. சந்தோசப்படுவாங்கன்னு நான் நெனச்சேன். அவங்க கேட்டது, "இதுக்கு வட்டி எம்புட்டுச் சேந்துருக்குய்யா?" ஒண்ணும் வேணாம்னதும் முகம் இன்னும் சுருங்கிருச்சு, "வேணாம்னா எதுக்குக் குடுக்குறீக?" பக்கத்து வீட்டுக்காரரக் கூப்புட்டு அவரு முன்னாடி பாக்கி ஒண்ணும் இல்லன்னு அப்பாவச் சத்தமாச் சொல்ல வச்சாக. புரோ நோட்ட அப்பா அங்கயே கிழிச்சாக. அந்தத் துண்டுகளயும் கேட்டு வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாக. அதுல தப்பே இல்ல, அத்தன வருசம் பாத்த ஆளத்தான அவங்களுக்குத் தெரியும்?

பைபிள்ல வர்ற சக்கேயு பாதிச் சொத்த ஏழைங்களுக்குக் குடுத்து, ஏமாத்துனத நாலு மடங்காத் திருப்பித் தரேன்னாரு. அவரு எரிகோவுல வரி வசூல் பண்றவங்களுக்கே தலைவரு, காசு இருந்துச்சு. எங்கப்பாவால நாலு மடங்கெல்லாம் முடியல. பாத்திரமெல்லாம் போச்சு, அசலுக்கு மேல வாங்குனதுல முடிஞ்சதக் குடுத்தாக. வசதியா இருந்த சிலபேரு இதக் கேள்விப்பட்டு அசலயே குடுக்காம நிறுத்திட்டாக, அது தனிக் கத. அக்கா கல்யாணத்துக்குன்னு வச்ச நகையில பாதி போச்சு. அப்பா ரைஸ் மில்லுல கணக்கு எழுதப் போனாக. கோவம் மட்டும் போகல, கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா இப்பவும் தட்டு தள்ளிப்போகும். மனசு தாங்காதப்ப சருகணிக்குப் போயி லெவே சாமி கல்லறைகிட்ட உக்காந்துட்டு வருவாக. 1973-ல செத்துப்போன பிரெஞ்சுக்கார சாமியாருகிட்ட அப்படி என்ன பேசுவாகளோ.

விசுவாசி சிஸ்டர், தேவகோட்டை:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சிஸ்டர். நாங்க பெந்தெகொஸ்தே சபை, ஆனா நீங்க எழுதுனதப் படிச்சுட்டு சும்மா போக முடியல. என் வீட்டுக்காரர் ஒரு உபவாச ஜெபத்துல ரட்சிக்கப்பட்டாரு, குடி அன்னிக்கே போயிருச்சு, அது சத்தியமா அற்புதம்தான் அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஞானஸ்நானம் எடுத்தாரு, ஆவியில நெறஞ்சு அந்நியபாஷை பேசுறாரு, சபையில எல்லாரும் பிரதர் பிரதர்னு தாங்குறாங்க. ஆனா வீட்டுல என் போன தெனம் ராத்திரி வாங்கி யாருகிட்ட பேசுனன்னு நோண்டுறது மட்டும் நிக்கல. குடிச்சப்பவும் அதத்தான் செஞ்சாரு, தெளிஞ்சப்பவும் அதத்தான் செஞ்சாரு. குடிதான் எல்லாத்துக்கும் காரணம்னு நெனச்சிருந்தேன், குடி போனப்புறம்தான் அடியில கெடந்தது எல்லாம் தெரிஞ்சுது.

ரோமர் 12:2-ல "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்"னு இருக்கே, பவுல் அத எழுதுனது ஏற்கனவே விசுவாசிங்களா இருந்தவங்களுக்குத்தான், அப்ப ரட்சிக்கப்பட்டதோட வேல முடியலன்னுதான அர்த்தம்? இதச் சொன்னா சபையில எனக்கு விசுவாசம் பத்தலம்பாங்க. போன வருசம் ஒரு நாள் ராத்திரி நான் வழக்கம்போல போன நீட்டுனேன், அவரு வாங்கல. "வச்சுக்க, சார்ஜ் போடு"ன்னுட்டு பாயி விரிக்கப் போயிட்டாரு. அன்னிக்கு பாட்டும் இல்ல பிரசங்கமும் இல்ல. எனக்கு அவரு தண்ணியில முங்கி எந்திரிச்சத விட அதுதான் பெரிய சாட்சி, எங்க பாஸ்டர் இதப் படிச்சா கோச்சுக்கக்கூடாது.

ரிட்டயர்டு வாத்தியார்:

செக்காலைப் பொண்ணு எழுதுனதுல நாலு எழுத்துல ஓடிப்போன ஒரு வரிதான் எனக்குக் குத்துச்சு, அக்கா நகையில பாதி போச்சுங்கறது. நம்ம பக்கத்துக் கதையே ஒண்ணு சொல்றேன். ஓரியூருக்கு எல்லாரும் போறோம், செம்மண்ண மடிச்சு எடுத்துக்கிட்டு வாறோம், போர்ச்சுக்கல்லேருந்து வந்த சாமியாரு புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ல அங்க தலை வெட்டப்பட்டார்னு தெரியும். ஏன் வெட்டுனாங்க? தடியத்தேவர்னு மறவர் சீமைப் பெரிய மனுசர், சாகக் கெடந்து பொழச்சாரு, ஞானஸ்நானம் கேட்டாரு. அவருக்குப் பல மனைவிமாரு. ஒருத்தரோடதான் வாழலாம்னு அருளானந்தர் கண்டிசனாச் சொன்னாரு, தேவரும் மத்தவங்கள விலக்கிட்டாரு. அதுல ஒருத்தர் கடலாயி, ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவு மக, அந்தம்மா நேரா அரண்மனைக்குப் போயி முறையிட்டுச்சு, வெனை அங்கதான் ஆரம்பிச்சது. 1947-ல அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் குடுத்தாங்க.

தேவரோட மனமாற்றம் நெசம், சாமியாரு தைரியமும் நெசம், அதுல கைய வைக்கல நான். ஆனா கோயில்ல இந்தக் கதையச் சொல்லும்போதெல்லாம் கடலாயிய வில்லியாவே ஆக்கிடுறோம். அந்தப் பொம்பளைங்க அதுக்கப்புறம் எங்க போனாங்க, யாரு சோறு போட்டாங்கன்னு எந்தப் பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல. ஒருத்தர் மாறும்போது அதுக்கான வெலையக் கூட இருக்குறவங்களும் சேந்துதான் குடுக்குறாங்க, பெரும்பாலும் அவங்களக் கேக்காமயே.

இன்னொண்ணு, அல்லேலூயா நாளுகளப் பத்தி எழுதியிருந்தீங்க. இந்த மாதிரி தியானமெல்லாம் நடத்துற கத்தோலிக்க அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கம் ஆரம்பிச்சதே 1967-ல பிட்ஸ்பர்க்ல காலேஜ் பசங்க தியானம் ஒண்ணுலதான், அந்த உற்சாகம் அதோட பிறவிக்குணம், அதக் கொற சொல்லி என்ன ஆகப்போகுது. ஆனா இயேசு சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் வேற மாதிரி. 1521-ல பாம்பலூனா சண்டையில பீரங்கிக் குண்டு கால நொறுக்கி படுக்கையில கெடந்தப்ப அந்த மனுசன் கவனிச்சது சின்ன விசயம்: போர், புகழ்னு கனவு காணும்போது நல்லாருக்கு, முடிஞ்சதும் மனசு வறண்டு போகுது, புனிதர்கள நெனச்சா முடிஞ்சப்புறமும் நெறவு நிக்குது. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் பின்னாடி தெனம் ஆன்மச் சோதனைன்னு, அன்னிக்கு மனசுல என்ன நடந்துச்சுன்னு திரும்பிப் பாக்குறத வச்சாரு. நான் ராத்திரி படுக்கும்போது பண்றேன். பாதி நாளு நடுவுலயே தூங்கிடுவேன், அது வேற.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி:

வணக்கம். எங்களுக்கு தியானத்துக்குப் போக லீவெல்லாம் கெடையாது அதனால என் கதைன்னு ஒண்ணும் இல்ல. எங்க பட்டறையில ஒரு அண்ணன் இருக்காக, சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை). கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்துறதுல அவுக கைதான் கை, ஒரு பூவுல பச்ச செவப்போட கலக்காது, அப்புறம் சிமெண்ட் போட்டு அழுத்திக் காயவச்சு தண்ணித் தொட்டியில எறக்குற வரைக்கும் வாய தெறக்கமாட்டாக. தம்பியோட வீட்டுப் பாகத்துல சண்டை, பேச்சுவார்த்தை அத்துப்போச்சு. ஒருநாள் ஆயரு (அவுக சபைப் போதகரு) பிரசங்கத்துல காணிக்கையப் பீடத்துகிட்டயே வச்சுட்டு முதல்ல போயி சகோதரனோட ஒப்புரவாகுங்கற மத்தேயு 5-ம் அதிகாரத்தப் பேசுனாராம். அதுலேருந்து அண்ணன் திருவிருந்துக்கு, அதான் அப்பமும் ரசமும் வாங்க, எந்திரிச்சுப் போறதில்ல. ஆராதனைக்குப் போவாக, அந்த நேரம் பெஞ்சுலயே உக்காந்துருப்பாக. விசுவாசம் கொறஞ்சுருச்சுன்னு ஊருல பேச்சு. எனக்கென்னமோ அந்த வரிசையில நிக்கிறவுகள விட அவுகதான் அந்த வசனத்த நம்புறாகன்னு தோணும்.

கடைசியில தம்பி வீட்டுக்குப் போனாக. தம்பி கதவச் சாத்திட்டாரு. இப்ப ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அச்சுமுறுக்க எடுத்துக்கிட்டுப் போறாக, தம்பி பொண்டாட்டி வாங்கிக்கிது, தம்பி வெளிய வாறதில்ல. சாட்சி சொல்ற மாதிரி இன்னும் முடியல, சும்மா சொல்லணும்னு தோணுச்சு.

செக்காலைக்காரி, காரைக்குடி:

டைல்ஸ் பட்டறைத் தம்பி, முடியாத கதையத்தான் இங்க யாரும் சொல்றதில்ல, எழுதுனதுக்கு நன்றி. அந்த அண்ணன் திரும்பத் திருவிருந்து எடுத்தாகளா இல்லையான்னு சொல்லாம விட்டுட்டீங்க. தம்பி கதவச் சாத்துனாலும் இவுக போயிட்டாகல்ல, எனக்குத் தெரிஞ்சு எடுக்கலாம், ஆனா அத அவுக ஆயருகிட்டத்தான் கேக்கணும்.

வாத்தியார் அய்யா, நீங்க எழுதுனத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். கடலாயி கத அவங்களுக்கும் தெரிஞ்சுருக்கு, ஆனா உங்க கேள்விக்கு ரொம்ப நேரம் தலைய ஆட்டிட்டு, "மாறுனது நல்லதுதான், என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மாறியிருக்கலாம்"னாக. அப்பா பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு "கேட்டா வுட்டுருப்பியா"ன்னு சத்தம் போட்டாக. அம்மா விடல, "வுட்டுருப்பேன், மூத்தவ சங்கிலிய மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு வுட்டுருப்பேன்"னாக. இன்னொண்ணும் நான் எழுதாம விட்டது: ரைஸ் மில்லு சம்பளத்துல மாசாமாசம் அக்காவுக்குன்னு அப்பா ஒரு தொகை எடுத்து வைக்கிறாக, கோட்டையூர் அம்மாவுக்கு ஈடு செய்யணும்னா பெத்த மகளுக்கும் செய்யணும்னு அம்மா புடிச்ச புடியில ஆரம்பிச்சது. அதுக்குத் தனியா ஒரு நோட்டு போட்டுருக்காக, அத வச்சுருக்குறது அம்மா.