புயலுக்கு ஆபீஸ் மூடினால் சம்பளம்: உங்கள் உள்ளாட்சியில் என்ன நடந்தது?

கணக்குப் பிரிவு

ஒவ்வொரு மழைக்காலத்திலும் வாட்ஸ்அப்பில் இதே கேள்வி சுற்றுகிறது: புயலுக்கு ஆபீஸ் மூடினால் சம்பளம் உண்டா, இல்லையா? சென்னையை ஒட்டிய ஓர் உள்ளாட்சியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். 2023 மிக்ஜாம் புயலை வைத்தே சொல்கிறேன்.

டிசம்பர் 4, 5 இரண்டு நாளும் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை விட்டது. பொது விடுமுறை என்றால் நிரந்தர ஊழியருக்கு சி.எல். (தற்செயல் விடுப்பு) கழியாது, சம்பளமும் குறையாது. மழைக்காகக் கலெக்டர் விடுவது வேறு. அது பெரும்பாலும் பள்ளி, கல்லூரிக்கு மட்டும்தான். தேர்த் திருவிழாவுக்கு விடும் உள்ளூர் விடுமுறை இன்னொரு வகை. 'செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது' என்று அடியில் ஒரு வரி இருக்கும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைக்கு வர வேண்டியிருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிச் சண்டை.

அதே அறிவிப்பில் காவல், தீயணைப்பு, பால், குடிநீர், மருத்துவமனை, உள்ளாட்சி போன்ற அத்தியாவசியப் பணிகள் வழக்கம்போல் நடக்கும் என்றும் இருந்தது. ஆக எங்களுக்கு விடுமுறை உண்டு, இல்லை, இரண்டுமே சரி. வரி வசூல் கவுண்டர், பிறப்பு இறப்புச் சான்று கவுண்டர் மூடின. குப்பை வண்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார், நிவாரண முகாம் எல்லாம் ஓடின.

மாதக் கடைசியில் பில் போடும்போது பாருங்கள். நிரந்தர ஊழியர் பட்டியலில் 31 நாளும் அப்படியே. தினக்கூலிக்கு மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், புள்ளி விழுந்த நாளுக்குத்தான் கூலி. ஒப்பந்த ஆட்களுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வருகைப் பதிவை வைத்து ஒப்பந்தக்காரர் பில் தருவார். என் பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கும் பெண் இந்த மூன்றாவது பட்டியல். அவர் வரவில்லை, வர வேண்டாம் என்று போன் செய்ததே ஆபீஸ்தான். எனக்கு அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் வந்தது, அவருக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கதவைத்தான் பூட்டினோம்.

உங்கள் ஊரில் எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தூய்மைப் பணியாளர் மகன்

சார், எங்கள் கதை தலைகீழ். அம்மா ஒப்பந்தத்தில் தூய்மைப் பணி. அதே மிக்ஜாம், ஆனால் இரண்டு நாளும் வேலைக்குப் போனார். காலை ஆறு மணி மஸ்டருக்கு முகப்பதிவு ஆப் என்று ஒன்று உண்டு. அன்றைக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. மேஸ்திரி ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நோட்டு நனையாமல் இருக்கப் பால் பாக்கெட் கவரில் சுற்றிச் சட்டைக்குள் செருகி வைத்திருந்தாராம்.

ஜனவரியில் கைக்கு வந்தது இரண்டு நாள் குறைச்சலாக. கேட்டால் சூப்பர்வைசர் சொன்ன பதில், "ஆப்பில் இல்லையேம்மா." சாக்கடை அடைப்பு எடுத்தது, விழுந்த மரக்கிளைகளை இழுத்துப் போட்டது எல்லாம் தெருவுக்கே தெரியும், ஆப்புக்கு மட்டும் தெரியாது. நல்ல வேளை, அந்தக் கோட்டத்துத் துப்புரவு ஆய்வாளர் நோட்டைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். விடுபட்ட நாளுக்குத் துணை பில் போட்டு மாசியில் பணம் வந்தது.

வெளி மாவட்டங்களிலிருந்து வந்து வேலை பார்த்த பணியாளர்களுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்தது நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்கு இரட்டைச் சம்பளம் கேட்கலாமா என்று அம்மா என்னிடம் கேட்டார். ஒற்றைச் சம்பளத்துக்கே மாசி வரை ஆனது, இரட்டை கேட்டால் ஆடி ஆகும் என்றேன்.

வரி கட்டுபவன்

கோபிக்க வேண்டாம். நான் தனியார் கம்பெனி. அந்த வாரம் வீட்டில் கரண்ட் இல்லாமல் லேப்டாப் செத்துக் கிடந்தது, என் லீவில்தான் கழித்தார்கள். வேலை செய்யாத நாளுக்கு என் வீட்டு வரியிலிருந்து ஏன் சம்பளம்?

ஓய்வு பெற்ற பில் கலெக்டர்

தம்பி, கேள்வி நியாயம்தான். ஆனால் மூடியது ஆபீஸை, ஆட்களை அல்ல. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு ஏறியது. மறுநாள் வரி வசூல் கிடையாது, நான் வீட்டில் படுத்திருக்கலாம் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு பள்ளிக்கூட முகாமில் போட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணுவது, பாய் கொடுப்பது, கைக்குழந்தைக்குப் பால் பவுடர் எங்கே என்று கத்துகிறவர்களிடம் திட்டு வாங்குவது. என் வீட்டுக் கூடத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்குக் காசு கிடையாது, ஈடுசெய் விடுப்புதான். அதையும் ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மார்ச் முடிய வரி வசூல் கெடுபிடி. அப்புறம் மே 16 சட்டமன்றத் தேர்தல் வேலை. மூச்சு விட்டு நிமிர்ந்தபோது ஜூன், விடுப்பு காலாவதி. கூடவே வேலை பார்த்த ஒரு தினக்கூலிப் பையனுக்கு அது கூட இல்லை. முகாமில் இருந்த நாட்களை எந்த மஸ்டரில் ஏற்றுவது என்று சுகாதாரப் பிரிவும் வருவாய்ப் பிரிவும் ஃபைலை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தன.

முன்னாள் அவுட்சோர்சிங்

கொரோனாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. நான் ஒரு நகராட்சியில் டேட்டா என்ட்ரி. மத்திய நிதியமைச்சகம் மார்ச் 23ஆம் தேதியே ஒரு உத்தரவு போட்டிருந்தது: ஊரடங்கால் வீட்டில் இருக்கும் ஒப்பந்த, அவுட்சோர்சிங் ஆட்களைப் பணியில் இருப்பதாகவே கருதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். படித்ததும் சந்தோஷம். அப்புறம்தான் அது மத்திய அரசு அலுவலகங்களுக்கு என்று தெரிந்தது.

மார்ச் 29 உள்துறை உத்தரவு எல்லா முதலாளிக்கும் பொருந்தும், பிடித்தம் கூடாது என்றது. அதை ஒப்பந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது. ஏப்ரலில் முழுச் சம்பளமும் வந்தது. மே 18 முதல் அந்த உத்தரவே இல்லை என்றானதும் அந்த மாதச் சம்பளம் பாதியானது. ஜூன் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இப்போதைக்கு முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எங்கள் ஒப்பந்தக்காரர் நன்றாகப் பேசினார். தீர்க்கவில்லை.

நிரந்தர ஊழியர்களுக்கும் அந்த வருஷம் நோகாமல் போகவில்லை. அகவிலைப்படி உயர்வை 2021 ஜூலை வரை நிறுத்தினார்கள், ஈட்டிய விடுப்பைக் கொடுத்துக் காசு வாங்கும் சரண்டரும் நின்றது. ஆனால் மாதச் சம்பளம் மாதம் பிறந்தால் வந்தது. எனக்கு அந்த நிம்மதிதான் வேண்டியிருந்தது.

கணக்குப் பிரிவு

வரி கட்டுபவனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கம்பெனி உங்கள் லீவில் கழித்தது தப்பு என்றுதான் நான் சொல்வேன். அதனால் இங்கேயும் கழிக்க வேண்டும் என்று ஆகாது.

அவுட்சோர்சிங் நண்பருக்கு: அப்போது நடப்பில் இருந்த 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது நகராட்சி, கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும். ஆனால் ஆபீஸ் மூடிய நாளுக்குக் கூலி உண்டா என்பதையே ஒப்பந்தப் பத்திரம் சொல்லாவிட்டால் அந்தப் பிரிவை வைத்து என்ன செய்வது? டெண்டரில் எழுதாத பணத்தைக் கொடுத்தால் தணிக்கையில் ஆட்சேபம் (தணிக்கைத் தடை) வரும் என்று எந்த ஆணையரும் பயப்படுவார்.

தூத்துக்குடிப் பக்கம்

உங்களுக்காவது வருகைப் பதிவு இருந்தது. 2023 டிசம்பர் 18 காலை வரை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், மஸ்டர் ரோலே ஊறிப் பிரிந்துவிட்டது. கடைசியில் நவம்பர் வருகையை வைத்து டிசம்பர் கூலியைப் போட்டார்கள். மன்றத்தில் வைத்துத் தீர்மானம் வாங்கியபின் பணம் விட்டார்கள். பதிவேடு அழிந்ததால் எல்லோருக்கும் கூலி கிடைத்தது, பதிவேடு பத்திரமாக இருந்த ஊரில் வெட்டினார்கள். வேடிக்கைதான்.

இப்போது எங்கள் புது டெண்டர் ஃபைல் என் மேஜையில் இருக்கிறது. மூடிய நாளுக்குக் கூலி பற்றிய ஷரத்து யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.

கணக்குப் பிரிவு

நாங்கள் சேர்த்தது இது: "அரசோ மாவட்ட நிர்வாகமோ அலுவலகத்தை மூட உத்தரவிடும் நாட்களில், வர வேண்டாம் எனத் தெரிவிக்கப்பட்ட பணியாளர்கள் வந்ததாகவே கருதப்படுவர். மின்சாரம் அல்லது இணையம் இல்லாத நாட்களில் மேற்பார்வையாளர் சான்றளித்த கைப்பதிவு ஏற்கப்படும். தொகையை முழுமையாகப் பணியாளரின் வங்கிக் கணக்கில் செலுத்தியதற்கான சான்றை ஒப்பந்ததாரர் அடுத்த பட்டியலுடன் (பில்) இணைக்க வேண்டும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நகராட்சி கொடுத்த பணம் ஒப்பந்தக்காரரோடு நின்றுவிடும்.

தூத்துக்குடிப் பக்கம்

நன்றி சார், நாளைக்கே குறிப்பு வைக்கிறேன். தணிக்கையில் கேட்டால் எதைக் காட்டுவது?

கணக்குப் பிரிவு

மன்றத் தீர்மான எண். அதனால் டெண்டர் விடுவதற்கு முன்பே மன்றத்தில் வையுங்கள்.