லினக்ஸ் மின்ட்ல ஃபயர்வால் ஆன் பண்ணணுமா, ரவுட்டரே போதுமா?

புதுமின்ட்:
வணக்கம், வீட்ல ஃபைபர் கனெக்‌ஷன், லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் ஓஎஸ், அதே வைஃபைல பசங்க போன், டிவி, வாசல் கேமரா எல்லாம் ஓடுது. மின்ட்ல ஃபயர்வால் (நெட்வொர்க்லருந்து வேண்டாதது உள்ள வராம தடுக்கறது) ஆஃப்லயே இருக்கு. ரவுட்டர் இருக்குல்ல, லினக்ஸுக்கு எதுக்குன்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. நெஜமாவே வேணுமா? ஆன் பண்ணா போன்லருந்து ஃபைல் அனுப்புற கேடிஈ கனெக்ட் நின்னுடுமா? ஃபயர்வால் ரூல கமாண்டா எழுதற ஐபிடேபிள்ஸ் கொஞ்சம் படிச்சேன், தல சுத்துது.

ரூட்டுராசா:
ஐபிடேபிள்ஸ் பக்கமே போகாதீங்க ப்ரோ. மெனுல ஃபயர்வால்னு தேடுனா ஜியுஎஃப்டபிள்யூ வரும் (யுஎஃப்டபிள்யூங்கற ஃபயர்வாலுக்கு கிளிக் பண்ற விண்டோ), இன்கமிங் டினை, அவுட்கோயிங் அலவ், ஸ்டேட்டஸ் ஆன், அவ்ளோதான். பிரவுசிங் எதுவும் நிக்காது, நீங்க கேட்டு வர்ற பதில அது உள்ள விட்ரும், கேக்காம வர்றதத்தான் தடுக்கும். கேடிஈ கனெக்டுக்கு மட்டும் 1714லருந்து 1764 வரைக்கும் போர்ட்ட (புரோகிராம் நெட்வொர்க்ல பேசுற நம்பர் போட்ட வாசல்) டிசிபி, யுடிபின்னு ரெண்டு வகைலயும் தொறக்கணும், அதுவும் 192.168.1.0/24க்கு, அதாவது வீட்டு நெட்வொர்க் அட்ரஸுக்கு மட்டும் (உங்க ரவுட்டர் எந்த ரேஞ்ச் குடுக்குதுன்னு பாத்துக்கோங்க).

கர்னல்வாத்தி:
ரவுட்டர் போதும்ங்கறது பாதி உண்மைதாங்க. பழைய அட்ரஸ் முறையான ஐபிவி4ல நேட் (வீட்டு டிவைஸ் எல்லாம் ஒரே வெளி அட்ரஸுக்குப் பின்னாடி இருக்கறது) இருக்கறதால வெளியாளு நேரா உள்ள வர முடியாது, சரி. ஆனா நம்மூர்ல இப்ப நெறைய கனெக்‌ஷன்ல புது முறையான ஐபிவி6 தானாவே வருது, அதுல சாதாரணமா நேட்டே கிடையாது, ஒவ்வொரு டிவைஸுக்கும் தனி பப்ளிக் அட்ரஸ், ரவுட்டர்ல ஐபிவி6 ஃபயர்வால் ஆஃப்ல இருந்தா உங்க லேப்டாப் நேரா வெளிய தெரியும். அப்புறம் அந்த கேமரா. அப்டேட்டே வராத கேமராவ எவனாவது புடிச்சுட்டான்னா அவன் ஏற்கனவே ரவுட்டருக்கு உள்ள தான இருக்கான்? அதுக்குத்தான் லேப்டாப்லயே ஃபயர்வால். மொதல்ல டெர்மினல்ல சுடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன் (sudo ss -tulpn) அடிங்க, எந்த புரோகிராம் எந்த போர்ட்ல கேட்டுட்டு இருக்குன்னு காட்டும், 127.0.0.1ல கேக்கறதெல்லாம் மெஷினுக்குள்ளயே முடிஞ்சிடும், 0.0.0.0னு (வெளிலருந்து வர்றதையும் கேக்கறது) இருக்கறதத்தான் கவனிக்கணும்.

புதுமின்ட்:
அடிச்சேண்ணா, 631 லோக்கல்லதான் இருக்கு, 445 0.0.0.0ல நிக்குது. டாக்கர்ல (ஆப்ப கன்டெய்னர்ங்கற தனி பெட்டிக்குள்ள ஓட்டறது) ஒரு சைட் 8080ல ஓடுது, ஃபயர்வால் ஆன் பண்ணியும் போன்ல அது தொறக்குதே??

கர்னல்வாத்தி:
445 சம்பா, ஃபோல்டர் ஷேர் பண்ணலேன்னா சர்வீஸையே நிறுத்திடுங்க, ரூல் எதுக்கு வீணா. 631 பிரிண்டர், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ரூட்டுராசா:
டாக்கர் பண்ற வேல அது, நீங்க கன்டெய்னரோட போர்ட்ட வெளிய தொறந்து விட்டா (பப்ளிஷ்) அது தானே ஐபிடேபிள்ஸ்ல ரூல் எழுதி பாக்கெட்ட ஃபார்வர்ட் (வேற இடத்துக்கு கடத்தி விடற வழி) வழியா திருப்பி விட்ரும், யுஎஃப்டபிள்யூ ரூல் இருக்கற இன்புட் (மெஷினுக்கே வர்றத பாக்கறது) பக்கமே அது வராது. எனக்கு சுத்தமா புடிக்காத விஷயம் இது. டாக்கர் போர்ட் செட்டிங்ல 8080:80னு இருக்கறத 127.0.0.1:8080:80னு மாத்தி கன்டெய்னர திரும்ப ஏத்துங்க, போன்ல தொறக்காது.