பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்கிறார்கள்: உங்கள் வீட்டில் என்ன சொல்கிறீர்கள்?

அம்பாசமுத்திரத்து மகள்:
அம்மாவுக்கு அல்சைமர் என்கிற மறதி நோய் என்று சொல்லி மாத்திரை ஓடுகிறது. அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் மனசை அறுப்பது போன வாரம் நடந்த ஒன்று.

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் அம்மா மஞ்சப்பையில் ஒரு சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவாள். பிறந்த வீடு கல்லிடைக்குறிச்சி. "இருட்டுறதுக்குள்ள ஆத்தத் தாண்டிரணும், ஐயா தேடுவாவ" என்பாள். சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் பொறுக்கமாட்டாமல், "தாத்தா செத்து எத்தன வருசமாச்சு, இதுதாம்மா உன் வீடு" என்று சொல்லிவிட்டான். அம்மா அப்படியே நின்றாள். அப்புறம் மாரில் அடித்துக்கொண்டு, "துட்டிக்குக்கூட எனக்குச் சொல்லி விடலியே, பாவியளா" என்று அழுதாள். தாத்தா போன அன்றைக்குத் தலைமாட்டை விட்டு எழும்பாமல் இருந்தவளே அவள்தான். கொஞ்ச நேரத்தில் அழுததும் மறந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பையை எடுத்தாள்.

உண்மையைத்தானே சொன்னேன் என்கிறான் அண்ணன். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

வி.கே.புரம்:
உண்மையைச் சொல்லவே கூடாது. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். நடுராத்திரி எழுந்து தூக்குச்சட்டியைத் தேடுவார், ஷிஃப்டுக்கு நேரமாச்சாம். "இன்னைக்கு லீவு விட்டிருக்கு" என்றால் படுத்துக்கொள்வார்.

ஒரு ராத்திரி கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். பாபநாசம் ரோட்டில் போய்ப் பிடித்தேன். என்னை மேஸ்திரி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், பயலுக்குக் காய்ச்சல், அதான் பிந்திட்டு. சம்பளத்தப் பிடிச்சிராதீய." அந்தப் பயல் நான்தான். எனக்காக இப்படி யாரிடமாவது நின்றிருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். "பிடிக்கல, வீட்டுக்குப் போங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் எப்படித் தெளிந்தது என்று எனக்குத்தான் தெரியும். இதைப் போய்ப் பொய் என்பீர்களா?

முக்கூடல்:
வி.கே.புரம் அண்ணாச்சி கோபிக்கக் கூடாது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைப்பதுதான் தப்பு. என் மாமியார் காலமெல்லாம் பீடி சுற்றியவர்கள். என் பேர் மறந்துவிட்டது, கை மறக்கவில்லை. சும்மா இருந்தால் சேலைத் தலைப்பையே சுருட்டிக்கொண்டு இருப்பார்கள். புகையிலைத் தூள் நெடி நெஞ்சுக்கு ஆகாது என்று முறத்தில் இலையும் நூலும் மட்டும் வைத்துக் கொடுத்தேன். ஒரு இலையை எடுத்தார்கள், விரல் தூளைத் தேடியது, இல்லை. முறத்தைத் தள்ளிவிட்டு, "வெறும் எலையக் குடுத்து என்னைக் கோட்டியாக்குதியாட்டி?" என்று கேட்டார்கள். மறுநாள் முறம் நினைவில்லை. ஆனால் என் கையால் சோறு வாங்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடந்தது மறந்துபோகும், மனசில் பட்ட வருத்தம் தங்கிவிடும். அதனால்தான் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை (ஓய்வுபெற்ற நர்ஸ்):
என் அத்தையும் இதே நோயில்தான் போனாள். கடைசியில் என்னை அவளுடைய அம்மா என்று கூப்பிட்டாள், அது போதும்.

சில விஷயம் சொல்லிவிடுகிறேன். வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். பி12 வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் நினைவு தடுமாறும். அது மருந்தில் சரியாகக்கூடியது, முதலில் ரத்தம் பாருங்கள். நன்றாக இருந்தவர் ரெண்டு நாளில் திடீரென்று உளறினால் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். வயசானவர்களுக்குக் காய்ச்சல்கூட வராமல் அது இப்படிக் காட்டும். இந்த நோய்க்குக் கொடுக்கிற டோனெபெசில் மாத்திரை சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. சாயங்காலப் பதற்றம் இந்த நோயில் நிறையப் பேருக்கு உண்டு. இருட்டு விழுவதற்கு முன்னாலேயே எல்லா லைட்டையும் போடுங்கள், பகல் தூக்கத்தைக் குறையுங்கள், பசியா, ஒன்றுக்கு வருகிறதா என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல்தான் எழுந்து நடப்பார்கள். வாசல் கதவுக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள், ஆனால் ஆளைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். சட்டைப் பையில் பேரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள். படுக்கையில் விழுந்துவிட்டால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567. பார்த்துக்கொள்கிற நீங்கள் தூங்குங்கள்.

அம்பாசமுத்திரத்து மகள்:
அக்கா, ரத்தமெல்லாம் பார்த்தாச்சு, பி12 சரியாகத்தான் இருக்கிறது. லைட் விஷயம் இன்றையிலிருந்து செய்கிறேன்.

முக்கூடல் சொன்னதைப் படித்த பிறகு பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நேற்று அம்மா பையோடு வந்ததும், "ஐயா உனக்கு என்னம்மா வாங்கிட்டு வருவாவ?" என்று மட்டும் கேட்டேன். உட்கார்ந்துவிட்டாள். சந்தைக்குப் போய்வந்தால் மடியில் முடிந்து கொண்டுவருகிற கருப்பட்டி மிட்டாய், அதில் தம்பிக்குத் தெரியாமல் ஒன்று இவளுக்குத் தனியாக. நான் இதுவரை கேட்காத கதை. சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் சொன்னாள். ஆத்தைத் தாண்டுகிற பேச்சே வரவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் திரும்பவும் வருகிறான். அவன் மனசும் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? கூடப்பிறந்தவர்களிடம் பேசிப் புரியவைத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.