ரூட் கெனால் முடிந்த கடைவாய்ப்பல்லுக்கு கேப் கட்டாயமா?

நிலாமுற்றம் (கேள்வி)

கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் முடிந்துவிட்டது. வலி சுத்தமாக இல்லை. மேலே தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "அடுத்த தடவை கேப்புக்கு அளவு எடுத்துடலாம்" என்கிறார் மருத்துவர். நரம்பையே எடுத்தாயிற்று, வலியும் இல்லை. அப்புறம் எதற்கு பல்லைச் சுற்றிலும் சீவி ஒரு மூடி? என் தங்கைக்கு மேல்வரிசை முன்பல்லில் இதே சிகிச்சை நடந்தது. வெறும் அடைப்போடு பல வருடமாக நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் யாரும் கேப் என்ற பேச்சே எடுக்கவில்லை. ஆளுக்கொரு நியாயமா?

ஒத்தையடி

நானும் போடவில்லை. என்னுடையதும் கடைவாய்ப்பல்தான். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. வலிக்காத பல்லைச் சும்மா விடுங்கள்.

மெழுகும்மாவும்

நான் மருத்துவர் இல்லை, கேப் செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறேன். "கேப் செய்கிறவன் வேறு என்ன சொல்வான்" என்று நினைத்தால் அதிலும் தப்பில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

தங்கையின் பல்லுக்கும் உங்கள் பல்லுக்கும் வேலையே வேறு. முன்பல்லின் பின்புறம் ஒரு சின்னத் துளை போட்டு வேரைச் சுத்தம் செய்வார்கள். சுற்றுச்சுவர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். 1984இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரூட் கெனால் பற்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. முன்பற்களுக்கு கேப் போட்டதால் பெரிய ஆதாயம் இல்லை. கடைவாய்ப் பக்கத்தில் போட்டவை தெளிவாக நன்றாகத் தாக்குப்பிடித்தன.

காரணம் கடைவாய்ப்பல்லின் அமைப்பு. மேலே மேடுகள், நடுவில் பள்ளம். மெல்லும்போது விழும் பாரம், விறகில் இறங்கும் ஆப்பு மாதிரி, அந்த மேடுகளை இரண்டு பக்கமும் விரிக்கப் பார்க்கும். பக்கத்துப் பற்களைத் தொடுகிற இடத்தில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு விளிம்புகள் இருக்கின்றன. மேடுகளை இழுத்துப் பிடித்திருப்பவை அவைதான். நரம்பு போனதால் பல் காய்ந்து நொறுங்கும் என்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1989இல் ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள். ரூட் கெனாலுக்காகப் போட்ட துளை பல்லின் விறைப்பைக் குறைத்தது 5 சதவீதம்தான். இரண்டு விளிம்புகளையும் சேர்த்து வெட்டிய குழி குறைத்தது 63 சதவீதம். ஆக, பல்லைப் பலவீனமாக்குவது அதற்கு முன்பே நடந்த சொத்தையும் பெரிய அடைப்பும். ஒத்தையடிக்கு அந்த விளிம்புகள் தப்பித்திருக்கலாம். அப்படியானால் நல்ல அடைப்பே போதும் என்று சொல்கிற மருத்துவர்களும் உண்டு.

நிலாமுற்றம்

சரி, உடைந்தால் அப்போது போட்டுக்கொள்ளக் கூடாதா?

மெழுகும்மாவும்

இதற்கு என் மேஜையிலிருந்தே பதில் சொல்லலாம். அச்சில் வார்த்த மாதிரியை லென்ஸுக்கு அடியில் வைத்து, சீவிய பல்லின் அடியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்போம். கேப்பின் ஓரம் வந்து உட்கார வேண்டிய இடம் அது. கோடு முறியாமல் ஒரு சுற்று வந்தால் மனசுக்கு நிம்மதி. சில மாதிரிகளில் முக்கால் சுற்று அழகாக வரும், அப்புறம் ஒரு பக்கம் மட்டும் சரிந்து ஈறுக்குள் போய்விடும். அந்தப் பக்கம் பல் உடைந்திருக்கும். மருத்துவருக்கு போன் போட வேண்டியதுதான்.

கேப் அடைப்பை மட்டும் பிடித்து நின்றால் போதாது, சொந்தப் பல்லையும் பிடிக்க வேண்டும். அதற்கு ஈறுக்கு மேலே ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் சுற்றிலும் மிஞ்சியிருக்க வேண்டும். மேட்டின் நுனி மட்டும் பெயர்ந்தால் சமாளிக்கலாம். விரிசல் வேருக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதுதான் வழி. எப்படி உடையும் என்று நம்மிடம் கேட்டுவிட்டா உடையப்போகிறது?

வெண்சங்கு

பல் மருத்துவராக இரண்டு வார்த்தை. கேப் வேண்டுமா வேண்டாமா என்று யோசியுங்கள், ஆனால் அந்தத் தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருக்காதீர்கள். அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தால், சுத்தம் செய்த வேரில் மறுபடி கிருமி சேரும். நிரந்தர அடைப்பையாவது சீக்கிரம் வைத்துவிடுங்கள். இன்னொன்று, கேப் போட்ட பல்லிலும் ஓரத்தில் சொத்தை வரும். நரம்பு இல்லாததால் கூச்சம் காட்டிக்கொடுக்காது. பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யும் ஃப்ளாஸை விடாமல் செய்யுங்கள்.

நிலாமுற்றம்

எக்ஸ்ரேவை எடுத்துப் பார்த்தேன். பழைய அடைப்பு பின்பக்க விளிம்பைத் தாண்டி இறங்கியிருக்கிறது. முன்பக்கம் முழுசாக இருப்பதுபோல் தெரிகிறது. போட்டுத்தான் ஆக வேண்டும் போல. ஆனால் முழுசாகச் சீவுவதை நினைத்தால்தான் மனசு வரவில்லை.

மெழுகும்மாவும்

ஆன்லே செய்ய முடியுமா என்று கேளுங்கள். மேடுகளை மட்டும் மூடும், பக்கச்சுவரை அதிகம் தொடாது. சுவர் தடிமனாக இருந்தால்தான் நடக்கும். அதைப் பல்லைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். முழுக் கேப்தான் என்றாலும், உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றியதைவிட ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கானில் முழுசாகச் செய்ததற்குப் பொதுவாகக் குறைவாகச் சீவினால் போதும். தூக்கத்தில் பல் நெறிக்கும் பழக்கம் இருந்தால் அளவு எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.