பட்டி போட வந்தவர்களோடு தகராறும் சமாதானமும்: எங்கள் ஊர் அனுபவம்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் பேச்செல்லாம் தமிழ். ரெண்டாம் போக நெல் அறுத்ததும், மாசி வாக்கில், தாராபுரம் மூலனூர் பக்கத்திலிருந்து செம்மறி ஓட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே அவர்களுக்குக் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். மழை பொய்த்த வருஷம் அந்தப் புல் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறம் எங்கள் பக்கத்து அறுத்த வயலும் வரப்புப் புல்லும்தான் ஆட்டுக்கு வழி. பகலெல்லாம் மேய்த்துவிட்டு ராத்திரி வயலில் படல் கட்டிப் பட்டி போடுவார்கள். எருவுக்காக வயல்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார்.

நான் சொல்ல வந்தது கொரோனாவுக்கு முந்தைய வருஷம் நடந்தது. விடிகாலையில் ஒரு படல் சாய்ந்து, 40 ஆடு வரை என் சித்தப்பாவின் வெண்டைக்காட்டில் இறங்கிவிட்டன. காவலுக்கு இருந்த பையன் அசந்து தூங்கிவிட்டான். சித்தப்பா ஆடுகளை மடக்கி மாட்டுக் கொட்டகையில் அடைத்தார். அதோடு விட்டிருக்கலாம், பையனையும் அறைந்துவிட்டார். பட்டிக்காரர்கள் கையில் தடியோடு வந்தார்கள். எங்கள் ஆட்களும் சும்மா வரவில்லை.

நான் அப்போது பால் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலைப் பால் ஊற்றும் நேரம், ஊரே அங்கே நின்றது. பால் அளக்கும் அக்கா இரு பக்கத்தாரையும் சங்கத்துத் திண்ணையில் உட்கார வைத்தார். பட்டியின் பெரியவர், "ஏனுங்க, பையனை அடிச்சுப் போட்டீங்களே. என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமுங்களே" என்றார். சித்தப்பா நஷ்டக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். கணக்கு ஏறிக்கொண்டே போனது. மூன்று பாத்தி வெண்டைக்கு அவ்வளவு கோபமா என்று எனக்கே புரியவில்லை.

அப்போதுதான் என் அத்தை தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "வெண்டை போனாப் போகுது. போன வருஷம் இவங்க வந்துட்டுப் போன பத்தாம் நாள் என் வெள்ளாட்டுல ஆறு மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிஞ்சு கழிஞ்சே செத்துப்போச்சு. அதை யார்கிட்டப் போய்க் கேட்கிறது?"

பெரியவரின் வீட்டம்மா பின்னால் நின்றிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார்: "எங்களுக்கும் 23 குட்டி போச்சுங்க அம்மிணி. உங்க ஊர்லதான் ஒட்டிக்கிச்சுன்னு நாங்க நெனச்சுட்டிருந்தோம்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு வருஷமாக இரண்டு பக்கமும் ஒரே பழியை ஒருவர் மேல் ஒருவர் சுமத்தி, மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறோம். இப்படிப்பட்ட பேச்சுவார்த்தையில் உட்காரும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லுவேன்: நஷ்டத்தை எண்ணுவதற்கு முன்னால், எதிரில் இருப்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள்.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். அடையாளம் கேட்டதுமே ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கும் என்றார். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே தமிழ்நாட்டில்தானாம், 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில். ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மூச்சிலும் சளியிலும் பரவும், மனிதருக்கு வராது, ஒரு ஊசி போட்டால் மூன்று வருஷத்துக்குத் தாங்கும். மூன்று மாசம் ஆகாத குட்டிக்குப் போடக்கூடாது. யார் யாருக்கு ஒட்டினார்கள் என்பதை இனிமேல் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஒரே வயலில் ஊசி போட்டோம். முதலில் ஊர் வெள்ளாடுகள், அவை வீட்டுக்குப் போன பிறகு பட்டிச் செம்மறிகள். பட்டிக்கார அம்மா முன்கூட்டியே வந்து, அத்தையிடம் மிச்சமிருந்த ஒரு கிடாயைக் காலிடுக்கில் வைத்து, தாடையை நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தார். ஊசி போட்ட ஆட்டுக்கு முதுகில் சிவப்புச் சாயம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை பட்டி ஆடுகள் வாய்க்காலிலும் ஊர் ஆடுகள் குட்டையிலும் தண்ணீர் குடிப்பது என்று முடிவானது.

வெண்டைக்குப் பணம் வாங்கவில்லை. சித்தப்பா வயலில் ஒன்பது ராத்திரி கூலி இல்லாமல் பட்டி போட்டார்கள். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார்களே, அடுத்த போக நெல்லைப் பார்த்துவிட்டு சித்தப்பாவே தேடிப்போய்ப் பட்டி கேட்டார். ஆனால் அறை வாங்கிய பையனிடம் அவர் டீ நீட்டியபோது அவன் வாங்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நஷ்டத்துக்கு ஈடு பேசிய நாங்கள், அந்த அறைக்கு எதுவுமே பேசவில்லை.

இப்போது யார் வயலில் எந்த ராத்திரி, ஆடு எந்த வண்டிப்பாதையில் போகும், ஏதாவது ஆனால் யாருக்கு போன் செய்வது, எல்லாமே சங்கத்து நோட்டில் எழுதி வைக்கிறோம். அதைவிட உதவியாக இருப்பது வாரம், அதாவது ஆட்டை வளர்க்கக் கொடுத்துப் பலனைப் பங்கு பிரிப்பது. நடக்க முடியாத குட்டிகளையும், ஈற்று நெருங்கிய ஆடுகளையும் ஊர்ப் பெண்களிடம் வாரத்துக்கு விட்டுப் போகிறார்கள். பிறக்கும் குட்டியில் சரிபாதி. ஆறு ஆட்டை இழந்த அத்தைக்கு முதலில் வந்தவை இரண்டு பெட்டைக் குட்டிகள்.

*

உங்கள் பட்டி அனுபவத்தைப் படித்துவிட்டுக் கம்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் மலைமாடு. காட்டில் மேய்ந்துவிட்டு வந்து தோட்டங்களில் கிடை போடும் மாடுகள். விவசாயியோடு எங்களுக்குச் சண்டை குறைவு, மேய்க்கும் இடம்தான் கேள்வி. மேகமலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை சொன்னது. முதலில் எல்லாக் காடுகளுக்கும் என்றிருந்து, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருங்கியது. 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும், இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களும் பேர் சொல்லியே இருக்கிறார்கள். அதைக் கேட்டு மனு எழுத உட்காரும்போதுதான், தாத்தா காலத்து மேய்ச்சல் சீட்டு ஒன்றுகூட எங்களில் பலரிடம் இல்லை என்று தெரிகிறது. இருப்பவர்கள் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள்.

உங்கள் வாரம் பற்றி ஒரு சந்தேகம். குட்டி செத்துவிட்டால் கணக்கு எப்படி? அங்கேதானே மறுபடியும் சண்டை வரும்?

*

சரியான கேள்வி. காதுதான் கணக்கு. ஒவ்வொரு பட்டிக்கும் காதில் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. செத்தால் அந்தக் காதை அறுத்து, உப்புப் போட்டுக் காயவைத்து, மாசியில் பட்டி வரும்போது காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வேறு கேள்வி கிடையாது, நஷ்டம் இருவருக்கும் பாதி. அத்தை இதுவரை ஒரு காது காட்டியிருக்கிறார். அதை ஒரு மருந்து டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் எட்டு மாசம் வைத்திருந்தார். பட்டிக்கார அம்மா டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்கு எதுக்குங்க அம்மிணி இத்தனை பாடு" என்று சொல்லிவிட்டு, புதுக்குட்டிகளைப் பார்க்கக் கொட்டகைக்குப் போய்விட்டார்.