பொதுச்சேவை வாரம்: ஒன்பது நாளில் முடிக்கலாமா, வருஷத்துக்கும் பிரிக்கலாமா?

பொருநைவாசி:
நெல்லைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாகப் புலம் இந்த வருஷம் பொதுச்சேவையைக் கொண்டாடத் திட்டம் போட்டிருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் (என்எஸ்எஸ்) 1969-இல் தொடங்கிய நாளான செப்டம்பர் 24-இல் கொண்டாட்டம் ஆரம்பித்து அக்டோபர் 2-இல் முடிகிறது. முதல் நாள் ரத்ததானம், 200 யூனிட் இலக்கு. சனிக்கிழமை குறுக்குத்துறையில் தாமிரபரணி ஆற்றுச் சுத்தம், ஞாயிறு ஒரு குளக்கரையில் 1,000 பனைவிதை, அப்புறம் இரண்டு நாள் கிராமத்தில் மனு எழுதிக் கொடுக்கும் மேசை, கடைசி நாள் கிராம சபை. எனக்கு இது நல்ல திட்டமாகத்தான் படுகிறது. நிர்வாகம் படிக்கிற பிள்ளைகள் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆளையும் பார்க்க வேண்டும். எதிர்க்கிறவர்கள் தேதி, அளவு, கருவி என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஹைகிரவுண்டு லேப்:
ரத்ததானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரே நாளில் 200 யூனிட் எடுப்பதை நான் எதிர்க்கிறேன்.

சிவப்பணுப் பையை 2 முதல் 6 டிகிரியில் வைத்தால் 35 நாள், கூடுதல் கரைசல் சேர்த்த பையென்றால் 42 நாள் தாங்கும். தட்டணு (பிளேட்லெட்) 5 நாள்தான். தட்டணு வேண்டுமென்றால் எடுத்த சில மணி நேரத்துக்குள் பையில் உள்ள ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு என்று பிரித்தாக வேண்டும். ஒரே சாயங்காலத்தில் 200 பை வந்து இறங்கினால் பல ரத்த வங்கிகளில் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. மீதி முழு ரத்தமாகவே கிடக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். செப்டம்பர் 24-இல் கொடுத்த பையன் டிசம்பர் 23 வரைக்கும், பெண் ஜனவரி 22 வரைக்கும் கொடுக்க முடியாது. நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான் டெங்கு வருகிறது, தட்டணுவுக்கு அலைகிற நேரமும் அதுதான். அப்போது அந்த வளாகத்தில் கொடுக்க ஒரு ஆள் இருக்காது.

இருநூறு பேரை ஐந்தாகப் பிரித்து, 15 நாளுக்கு ஒரு தரம் 40 பேர் கொடுக்கட்டும். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் நவம்பர் கடைசி வரைக்கும் புது ரத்தம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

திட்ட அலுவலர்:
கணக்கு சரி. ஆனால் கல்லூரி நடைமுறையையும் பாருங்கள். ஒரு என்எஸ்எஸ் அலகில் 100 பேர், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம், அது போக 7 நாள் சிறப்பு முகாம். நவம்பரில் பருவத் தேர்வு. ஐந்து முகாம் என்றால் ஐந்து தடவை வகுப்பை நிறுத்த அனுமதி, ஐந்து தடவை மருத்துவர், கட்டில், சாப்பாடு ஏற்பாடு. ஒரு கொண்டாட்டத்தில் 200 பேர் வருவார்கள். அக்டோபர் 20-ஆம் தேதி சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை 40 பேரைக் கூப்பிட்டால் 15 பேர்கூடத் தேற மாட்டார்கள். நண்பன் பக்கத்தில் நிற்கிறான் என்றுதான் முதல் தடவை கொடுக்கிறவன் கையை நீட்டுகிறான். அந்தத் தயக்கத்தை உடைக்கக் கூட்டம் வேண்டும்.

ஹைகிரவுண்டு லேப்:
கூட்டம் இருக்கட்டும், ஊசி மட்டும் ஒரே நாளில் வேண்டாம். 24-ஆம் தேதி எல்லோருக்கும் ரத்த வகை, ஹீமோகுளோபின், எடை பார்த்துப் பெயர் எழுதுங்கள். அன்றைக்கு 60 பேர் கொடுக்கட்டும். மீதிப் பேருக்குத் தேதி போட்ட அட்டை. ரத்த வங்கிக்கே வந்து கொடுத்தால் வகுப்பையும் நிறுத்த வேண்டாம், கட்டிலையும் சுமக்க வேண்டாம்.

350 மில்லிக்கு 45 கிலோ எடை, 450 மில்லிக்கு 55 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். மாணவிகளில் நிறையப் பேர் இந்த 12.5 இல்லாமல்தான் நின்றுவிடுவார்கள். "நீங்கள் போகலாம்" என்று அனுப்பிவிட்டு அதோடு மறந்துவிடுவதுதான் முகாம்களில் நடக்கிற பெரிய தப்பு. அவர்களுக்கு அளவை எழுதி, இரும்புச்சத்து மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு கொடுங்கள். ரத்தம் கொடுத்தவருக்குக் கிடைக்கிற சான்றிதழைவிட அந்தச் சீட்டு முக்கியம்.

மயக்கம் போட்டு விழுகிறவர்கள் அநேகமாகக் காலையில் சாப்பிடாமல் வருகிற விடுதிப் பிள்ளைகள். முகாம் 10 மணிக்கு என்றால் 8 மணிக்கு இட்லி உள்ளே போயிருக்க வேண்டும், கொடுப்பதற்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

குறுக்குத்துறை:
ஆத்து விஷயத்துக்கு வாரேன் அண்ணாச்சி. நான் முழுக்க எதிர்ப்பு.

குறுக்குத்துறையில 100 பிள்ளேளு ஒரு நாள் இறங்கினா என்ன வரும்? ஷாம்பு பாக்கெட்டு, பூமாலை, கொஞ்சம் பாட்டிலு. ஆத்துல கனமான கழிவு துணி. அது பாபநாசத்துல விழுது. உடுத்துன துணிய ஆத்துல விட்டா தோஷம் போகும்னு நம்பி, குளிச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போறாவ. அது பாறை இடுக்கு, மரவேரு, அணைக்கட்டுன்னு வழி நெடுகச் சிக்குது. மணல் ஏறி ஒரு வேட்டி ஒரு ஆளு தூக்க முடியாத கனமா ஆயிரும். நெல்லையில நின்னு அதை எடுக்கதுக்கு, அதுக்கு மேக்க சுமார் 50 கிலோமீட்டர்ல இருக்க பாபநாசம் படித்துறையிலேயே கையில வாங்கிரலாம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைதான் கூட்டம். அன்னைக்கு படித்துறைக்கு ஐஞ்சு பேரு, ஒரு பெரிய கூடை, ஒரு துறட்டி. கரையேறுத எடத்துல நின்னு, "இதுல போடுங்க, கோயிலு பேர்ல நாங்க சேத்துக்கிடுதோம்"னு சொன்னா முக்கால்வாசிப் பேரு தந்திருவாவ. மணல் ஏறாத துணி எடுக்கது எளிது. சனிக்கிழமை போட்டோவுக்கு வசதிதான், ஆத்துக்கு என்ன வசதி?

திட்ட அலுவலர்:
ஆடி, தை அமாவாசைக்குப் பாபநாசத்தில் வரும் நெரிசலில் 18 வயதுப் பிள்ளைகளை நிறுத்தப் பெற்றோர் கடிதம் வேண்டும், காவல்துறைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் எழுத வேண்டும், விடியற்காலை 4 மணிக்குப் பஸ் வேண்டும். கூட்டத்தில் ஒருவர் தவறி விழுந்தால் பொறுப்பு யாருக்கு? குறுக்குத்துறையில் முழங்கால் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது என்று கயிறு கட்டி வைக்கலாம்.

குறுக்குத்துறை:
குறுக்குத்துறையிலயும் மணல் அள்ளுன குழி இருக்கு சார். முழங்கால் தண்ணின்னு காலு வச்சா அடுத்த அடி கழுத்து வரும். கயிறு கட்டுததுக்கு முன்னாடி ஊருக்காரரு ஒருத்தரு கம்பு போட்டு ஆழம் பாக்கணும். மெல்லிசு கையுறை பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் ஆகாது, தடிச்ச ரப்பரு வேணும். சாக்குல பாதிக்கு மேல நிரப்பாதிய, ஈரத்துணி சாக்க ரெண்டு பேரு தூக்க முடியாது. முக்கியமா, மாநகராட்சி வண்டி அன்னைக்கே வரணும். கரையில குமிச்சு வச்சிட்டுப் போனா அடுத்த தண்ணியில திரும்ப ஆத்துக்கே போயிரும். அமலைச் செடியும், அதான் ஆகாயத்தாமரை, அப்படித்தான். பிடுங்கி ஓரத்துல போட்டா துண்டு துண்டா மறுபடி முளைக்கும். சாக்கடை கலக்குத எடத்த விட்டுட்டு செடியப் பிடுங்கதுல ஒரு மாசத்துக்குத்தான் பலன்.

உடன்குடிப்பனை:
பனைவிதையைப் பொறுத்தவரை திட்டத்துத் தேதி சரியான தேதி. இதை வருஷம் முழுக்கப் பிரிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆவணி, புரட்டாசியில்தான் பழம் விழும், ஐப்பசி மழைக்கு முன்னால் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை. இந்த வாரத்தை விட்டால் அடுத்த வருஷம்தான்.

எண்ணிக்கைதான் தப்பு. விதைக்கு விதை 10 அடி விட்டால் 1,000 விதைக்கு ஒற்றை வரிசையில் 10,000 அடி, அதாவது 3 கிலோமீட்டர் கரை வேண்டும். அவ்வளவு நீளக் கரை எத்தனை குளத்துக்கு இருக்கிறது? இலக்குக்காக 3 அடிக்கு ஒன்று புதைத்தால் பின்னால் ஒன்றையொன்று நெருக்கும். 300 போதும். கரையின் உச்சியில் வண்டி போகும், அங்கே வைக்காதீர்கள். வெளிச்சரிவில் முக்கால் அடி ஆழத்தில் வையுங்கள். பனையின் முதல் முளை கீழ்நோக்கித்தான் போகும், அதனால் குழிக்குக் கீழேயும் கடப்பாரையால் மண்ணை இளக்கிவிடுங்கள். விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிடுங்கள். சீமைக்கருவேலம் இருந்தால் முதலில் வேரோடு எடுக்க வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காத சேதம் ஒன்று உண்டு. மூன்று நான்கு மாதத்தில் அது பனங்கிழங்கு ஆகிவிடும். பொங்கலுக்குக் கிழங்கு தேடுகிறவர்கள் வரிசையைப் பார்த்தால் தோண்டிவிடுவார்கள். ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லி, கிழங்குக்கென்று தனியாக ஒரு பாத்தி போட்டுக் கொடுங்கள். அனுமதிக் கடிதம் குளத்தைப் பொறுத்தது: பெரிய குளம் நீர்வளத் துறை, சின்னக் குளம் ஊராட்சி ஒன்றியம்.

கொக்கிரகுளம் திங்கள்:
மனு மேசையைப் பற்றி யாருமே பேசவில்லை. நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் நேரடிப் பாடம், இதையே இரண்டு நாளில் முடிப்பது மக்களுக்குச் செய்கிற அநியாயம். முதியோர் உதவித்தொகைக்கு ஒரு பாட்டி மனு கொடுத்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போய்ப் பதில் வர மாதங்கள் ஆகும். தகவல் உரிமை மனுவென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில், பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. எழுதிக் கொடுத்த பிள்ளை அப்போது தேர்வு எழுதிக்கொண்டிருக்கும். பாட்டி யாரைக் கேட்பாள்?

ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். பட்டா, ரேஷன் அட்டை, தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் ஏதாவது ஒரு துறைக்கு அனுப்பிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். ஒப்புகைச் சீட்டு எண் இல்லாத மனு, கொடுக்காத மனு.

பொருநைவாசி:
இதற்குத் தீர்வு உண்டு. மேசை போடும் ஊரும் கிராம சபைக்குப் போகும் ஊரும் ஒன்றாகவே இருக்கட்டும். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேசையில் எழுதிய மனுவின் நிலையை நவம்பர் 1-இல் அதே ஊரில் போய் விசாரிக்கலாம். மாணவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை, உட்கார்ந்து கேட்கலாம், ஊர்க்காரர் கேட்டால் தீர்மானம் எழுத உதவலாம்.

கொக்கிரகுளம் திங்கள்:
நவம்பர் 1-க்குத் தேர்வு என்று சொல்வார்கள். ஜனவரி 26 என்று உறுதியாக எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மேசைக்கு ஒரே பதிவேடு: பெயர், கோரிக்கை, எந்த அலுவலகம், கொடுத்த தேதி, ஒப்புகை எண், அடுத்து விசாரிக்க வேண்டிய தேதி. அடுத்த வருஷத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பதிவேட்டைக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்.

திட்ட அலுவலர்:
ரத்தத்தில் 60 பேர், மீதிப் பேருக்கு அட்டை: ஏற்கிறேன். பனை 300: ஏற்கிறேன். பதிவேடும் சரி. ஆற்றில் மட்டும் என் நிலை மாறவில்லை, பாபநாசத்துக்கு ஆடி, தை கூட்டத்தில் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்.

குறுக்குத்துறை:
ஆடியும் தையும் வேண்டாம் சார், புரட்டாசி மகாளய அமாவாசை இருக்குல்லா. சில வருசம் உங்க வாரத்துக்குள்ளயே விழும், 2024-ல அக்டோபர் 2 அன்னைக்கே வந்துது. அந்த வருசம் விழலன்னா முன்னப்பின்ன ஒண்ணு ரெண்டு வாரம் தள்ளி வைங்க. ஆத்து நாள சனிக்கிழமையில இருந்து அமாவாசைக்கு மாத்துங்க. நூறு பேரு வேண்டாம், முப்பது பேரு போதும். தண்ணிக்குள்ள யாரும் இறங்க வேண்டாம், ஆறு படித்துறை, படித்துறைக்கு அஞ்சு பேரு, எல்லாரும் கரையிலதான். ஆறு கூடை, ஆறு துறட்டி, துணி ஏத்த ஒரு வண்டி. வண்டி எங்க கொண்டு தட்டும்னு முதல்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் தேதி போடுங்க.